மதிலுக்கு வெளியே ஒரு துறைமுக நகரம்: முகத்துவாரம் முதல் புறக்கோட்டை வரை

களனி கங்கை கடலில் விழும் இடத்துக்குத் தமிழில் முகத்துவாரம் என்று பெயர். சிங்களத்தில் மோதர என்பார்கள், பொருள் ஒன்றுதான். ஆங்கிலத்தில் வழங்கும் மட்வல் என்பது தமிழ்ப் பெயரின் சிதைவு என்று கொள்ளப்படுகிறது. அங்கிருந்து கரையை ஒட்டித் தெற்கே வந்தால் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, செட்டியார் தெரு, புறக்கோட்டை. இன்றைய தபால் கணக்கில் இவை கொழும்பு 15, 13, 11. ஒரு காலைப்பொழுதில் நடந்து முடிக்கக்கூடிய இந்தக் கரைத்துண்டுதான் கொழும்பின் பழைய நகரம்.

கொழும்பின் வரலாற்றை எழுதியவர்களில் பலர் கோட்டையிலிருந்தே தொடங்கினார்கள். ஆளுநர்களும் பீரங்கிகளும் முற்றுகைகளும் அங்கே இருந்ததால் அது இயல்பே. ஆனால் கோட்டை மதில் இன்று இல்லை. 1869க்கும் 1871க்கும் இடையில் ஆங்கிலேயரே அதை இடித்தார்கள். மதிலுக்குள் இருக்கக் கூடாது என்று வெவ்வேறு காலங்களில் வெளியே நிறுத்தப்பட்டவர்களின் தெருக்கள்தான் பெயரோடும் தொழிலோடும் வழிபாட்டிடங்களோடும் நிலைத்திருக்கின்றன. சோனகர், செட்டிமார், பரதர், மலாயர், ஒளிந்து பூசை கேட்ட கத்தோலிக்கர் ஆகியோர் விட்டுச்சென்ற நகரம் அது.

கொழும்பு இயற்கையாக நல்ல துறைமுகம் அல்ல. தென்மேற்குப் பருவக்காற்றின் அலையைச் சிறிது தடுக்கும் ஒரு பாறைமுனையும், அதற்கு வடக்கே ஒதுங்க ஒரு வளைகுடாவும், உள்நாட்டுச் சரக்கைக் கொண்டுவர ஓர் ஆறும் இருந்தன. களனித் துறை என்ற பொருளில் வழங்கிய சிங்களப் பெயரே கொழும்பு ஆயிற்று என்பது ஒரு விளக்கம். ஆற்று வழியாகவும் காட்டு வழியாகவும் கறுவா, பாக்கு, மாணிக்கக்கல், யானைத் தந்தம் எல்லாம் இந்தக் கரைக்கு இறங்கின. மேற்குக் கடலோடிகள் பருவக்காற்றில் வந்து, காற்று திரும்பும் வரை தங்கினார்கள். அப்படித் தங்கியவர்களிடமிருந்துதான் இந்த நகரம் தொடங்குகிறது.

அதற்கு ஒரு கல் சாட்சி. கொழும்பின் பழைய முஸ்லிம் மையவாடியில் கூபி எழுத்தில் பொறித்த கல்லறைக் கல் ஒன்று இருந்தது. காலித் இப்னு அபூ பக்காயா என்பவருடையது. இறந்த ஆண்டு ஹிஜ்ரி 337 என்று பொதுவாகப் படிக்கப்படுகிறது, அதாவது பொ.ஆ. 948 அளவில். இலங்கை முஸ்லிம்களுக்கு மார்க்கம் கற்பிக்க பக்தாத் கலீபா அனுப்பியவர் அவர் என்ற செய்தி அந்தக் கல்லோடு சேர்ந்து வழங்கியது. அது வாய்வழி மரபு. கல் சொல்வது பெயரையும் இறப்பையும் இறைவேண்டுதலையும் மட்டும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் ஒல்லாந்த அதிகாரி அதைப் பிற கற்களோடு எடுத்துச் சென்று தம் வீட்டு வாசற்படியில் பதித்துக்கொண்டார் என்று 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் கூறுகின்றன. இலங்கையின் தலைமை நீதிபதியாக இருந்த சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டன் அதன் படியையும் மொழிபெயர்ப்பையும் 1827இல் வெளிப்படுத்தினார்.

நான்கு நூற்றாண்டு கழித்து, 1344இல், இப்னு பத்தூத்தா பாவா ஆதம் மலையைத் தரிசித்துவிட்டு இந்த வழியாக வந்தார். அவர் எழுதிய பெயர் கலன்பு. செரந்தீபின் மிக அழகிய, மிகப் பெரிய நகரங்களில் ஒன்று அது என்றும், கடலின் அதிபதியான ஜாலஸ்தி என்பவர் சுமார் 500 அபிசீனியரோடு அங்கே இருந்தார் என்றும் அவர் குறிப்பு சொல்கிறது. அன்றைய துறைமுகத்தின் கலப்பு எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்பதற்கு அந்த ஆபிரிக்க வீரர்கள் போதும். துறைமுகங்களின் மொழி எது என்பதற்கு வேறொரு கல் உண்டு. சீனக் கடற்தளபதி செங் ஹோவின் 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. அதில் சீனத்துக்கு அடுத்துத் தமிழும் பாரசீகமும் உள்ளன. கடலோடு வியாபாரம் செய்தவன் இவற்றில் ஒன்றையாவது அறிந்திருந்தான்.

அரபு நாட்டாரைத் தமிழ் சோனகர் என்றது. வந்தவர்கள் இங்கே மணம் செய்தார்கள். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய தமிழகக் கரை ஊர்களோடு உறவும் வியாபாரமும் வைத்துக்கொண்டார்கள். வீட்டு மொழி தமிழாயிற்று. அந்தத் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். அதற்கு அர்வி என்று பெயர். இலங்கைச் சோனகரின் மூதாதையர் அரபிகளா, தென்னிந்தியரா என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரிய வாதமே தொடங்கியது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் ஒரு பக்கம் எழுத, 1907இல் ஐ. எல். எம். அப்துல் அசீஸ் மறுத்து எழுதினார். அந்த வாதத்தில் அரசியல் இருந்தது. துறைமுகத்தின் கணக்கில் இரு தரப்பும் கூறியவை ஒன்றையொன்று விலக்குபவை அல்ல.

போர்த்துக்கேயரான லொரென்சோ டி அல்மெய்தா 1505இல் (1506 என்பாரும் உண்டு) வந்தபோது கறுவா வியாபாரம் முஸ்லிம்கள் கையில் இருந்தது. 1518இல் போர்த்துக்கேயர் முதல் கோட்டையைக் கட்டினார்கள். அதன் பிறகு நடந்தது கடல்வணிகப் போட்டி மட்டுமல்ல. சமயப் பகையும் அதில் கலந்தது. 1626இல் தங்கள் ஆட்சிப்பகுதியிலிருந்து சோனகரை வெளியேற்றினார்கள். கண்டி அரசன் செனரத் அவர்களில் ஒரு பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். கிழக்கு மாகாண முஸ்லிம் ஊர்கள் பலவற்றின் மரபுக்கதை அங்கேதான் தொடங்குகிறது.

போர்த்துக்கேயரின் மதிலுக்குள் இன்றைய புறக்கோட்டையின் பெரும்பகுதியும் அடங்கியிருந்தது. ஒல்லாந்தர் 1655 ஒக்டோபரில் முற்றுகையிட்டு, 1656 மே 12இல் நகரைப் பிடித்தபோது அதைச் சுருக்கினார்கள். மேற்கே கோட்டை, அதற்குக் கிழக்கே வெளியூர். இந்த வெளியூரைத் தமிழர் புறக்கோட்டை என்றார்கள். ஆங்கிலத்தில் நிலைத்த பெற்றா என்பதும் நம் பேட்டைதான். முற்றுகையில் இறந்த ஒல்லாந்தத் தளபதி ஹல்ப்டின் பெயரை ஆங்கிலம் ஓர் ஊருக்கு வைத்துக்கொண்டது. தமிழர் அதைப் புதுக்கடை என்று முடித்துவிட்டார்கள். நீதிமன்றங்கள் அங்கே இருப்பதால், கொழும்புத் தமிழில் புதுக்கடைக்குப் போவது என்றால் வழக்குக்குப் போவது.

ஒல்லாந்தர் முஸ்லிம்களை அழிக்க முனையவில்லை, நெருக்கினார்கள். சோனகரும் செட்டிமாரும் அந்நியர் என்று கொள்ளப்பட்டு, ஊழியம் என்ற கட்டாய வேலைக்கு அல்லது அதற்கு ஈடான பணத்துக்கு உட்பட்டார்கள். கோட்டைக்குள்ளும் புறக்கோட்டைக்குள்ளும் சோனகரும் தமிழரும் வீடோ நிலமோ வைத்திருக்கத் தடை வந்தது. ஆங்கிலேயர் காலத்தில், 1832இல்தான் அது நீங்கியது. பழைய சோனகத் தெருவும் புதிய சோனகத் தெருவும் புறக்கோட்டையின் குறுக்குத்தெருக்களுக்குள் இல்லாமல், அவற்றுக்குக் கிழக்கே மேட்டில் இருப்பதற்கு இந்த விலக்கே பெரிய காரணம். அங்கே கொழும்புப் பெரிய பள்ளிவாசல் வளர்ந்தது. 1820களில் அதைப் பெருக்கிக் கட்டிய பணி ஒரு மலாயருடையது என்பது பள்ளியின் மரபு. அரபு வழிவந்தோரின் பள்ளியை, ஒல்லாந்தர் நாடுகடத்தி இங்கே கொண்டுவந்த சாவகத் தீவினரின் சந்ததி கட்டியது.

அதே மேட்டில் ஒல்லாந்தரின் வொல்வெந்தால் தேவாலயம் நிற்கிறது. 1749இல் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறந்தார்கள். சிலுவை வடிவம், கபுக் கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுந்த சுவர்கள் ஏறக்குறைய ஐந்து அடி தடிப்பு. பெயருக்கு ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று பொருள் வரும். உண்மையில் அது காது கேட்ட பிழை. அந்த இடத்தில் போர்த்துக்கேயர் வைத்திருந்த குவாதலூப்பே மாதா சிற்றாலயத்தின் பெயர் வாய்மாறி ஓநாயாகிவிட்டது. மேட்டின் அடிவாரத்தில் காய்மன் வாசல். முதலைகளைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அங்குள்ள மணிக்கூண்டில் தொங்கும் மணி ஒல்லாந்தருடையது அல்ல. கோட்டே நகரில் இடிந்து கிடந்த போர்த்துக்கேயத் தேவாலயத்தில் எடுத்தது.

கத்தோலிக்கரின் நிலை வேறு. போர்த்துக்கேயர் விதைத்த மதத்தை ஒல்லாந்தர் தடைசெய்தார்கள். குருமார் வேடம் மாறித் திரிந்தார்கள். கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயக் கதை அந்தக் காலத்தது. கொச்சியிலிருந்து வந்து வியாபாரி வேடத்தில் மறைந்திருந்த அந்தோனியோ என்ற குருவிடம், கடலரிப்பைத் தடுக்கும்படி மீனவர்கள் கேட்டார்கள். அவர் சிலுவை நட்டு வேண்ட, கடல் பின்வாங்கியது என்பார்கள். கதையை நம்பாதவரும் அதில் உள்ள நிலவியலை மறுக்க முடியாது. இது மணல் நகரும் கரை. மீனவர் பயந்தது கடலுக்கு, குரு பயந்தது ஒல்லாந்தருக்கு. 1806இல் ஆங்கிலேயர் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கிய பின் ஆலயங்கள் வெளிப்படையாக எழுந்தன. அந்தோனியார் ஆலயத்துக்கு இந்துக்களும் பௌத்தர்களும் செவ்வாய்தோறும் வருவது இன்றும் உண்டு. கொட்டாஞ்சேனையின் புனித லூசியாள் பேராலயம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது.

1796இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் மதிலுக்கு வெளியே கூட்டம் பெருகியது. வெள்ளி வேலை செய்வோர், பித்தளை வார்ப்போர் என்று தொழிலின் பெயரால் தெருக்கள் இருந்தன. துறைமுகத்தை ஒட்டிய பாங்ஷால் வீதியின் பெயர், கப்பற்சரக்குக் கொட்டகையைக் குறிக்கும் கீழைக்கடற் சொல். ஆங்கிலத்தில் கடற்தெரு என்று பெயர்பெற்றது, அங்கே குடியேறியவர்களால் தமிழில் செட்டியார் தெரு ஆயிற்று. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அரிசியும் துணியும் கடனுமாகத் தொழில் நடத்தினார்கள். கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில் வெள்ளையர் வங்கிகள் நேரே கடன் கொடுக்கத் தயங்கிய உள்ளூர் வியாபாரிகளுக்கு அவர்களே வங்கி. இன்று அந்தத் தெரு தங்க நகைத் தெரு. பழைய கதிரேசன், புதிய கதிரேசன் என்ற இரு கோயில்களும் அங்கேதான்.

1874இல் தொடங்கிய ஆடிவேல் விழாவின் பின்னணி சுவையானது. வாந்திபேதி பரவும் என்று அஞ்சி அரசு கதிர்காம யாத்திரையைக் கட்டுப்படுத்தியது. யாத்திரை போக முடியாதவர்கள் வேலைத் தேரில் ஏற்றித் தலைநகருக்குள்ளேயே தெற்கு நோக்கி, பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் கொண்டுபோனார்கள். தேர் போன பாதையிலேயே பிற்காலத்தில் தமிழர் குடியிருப்பும் வளர்ந்தது. கொழும்பு 11க்கும் கொழும்பு 6க்கும் இடையிலான உறவு வாடகை வீட்டுக் கணக்கில் தொடங்கியது அல்ல.

முதலாம் குறுக்குத்தெருவின் கதிர்வேலாயுத சுவாமி கோயிலைச் சம்மாங்கோடு என்பார்கள். இரண்டாம் குறுக்குத்தெருவின் சிவப்புப் பள்ளிவாசலுக்கும் தமிழில் சம்மாங்கோட்டுப் பள்ளி என்றே பெயர். தென்னிந்தியக் கரையிலிருந்து தோணியில் வந்த முஸ்லிம் வியாபாரிகளைச் சம்மாங்காரர் என்று அழைத்ததோடு இது தொடர்புடையது. சம்பான் படகே சொல்லின் வேர் என்று விளக்குவர். ஒரே பெயரைக் கோயிலும் பள்ளியும் பங்குபோட்டுக்கொள்ளும் இடம் வேறு எங்கும் இருக்கலாம். இங்கே இரண்டுக்கும் இடையில் ஒரு தெருதான் தூரம். ஜாமியுல் அல்பார் என்ற அந்தப் பள்ளியை 1908–1909இல் கட்டினார்கள். வரைந்தவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை, கட்டடக்கலை படித்தவர் அல்லர். சிவப்பு வெள்ளைக் கோடும் முறுக்குத் தூணுமான அதன் முகப்பைக் கப்பலோட்டிகள் கொழும்பை நெருங்கும் அடையாளமாகக் கொண்டார்கள் என்பர். அதே ஆண்டுகளில்தான் கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோயில் கருங்கல்லாக மாறியது. 1857 அளவில் பொன்னம்பல முதலியார் நிறுவிய கோயிலை, அவர் மகன் இராமநாதன் 1907 முதல் 1912 வரை தமிழ்நாட்டுச் சிற்பிகளைக் கொண்டு முழுக்கக் கல்லால் எழுப்பினார்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகத்துவாரம் பணக்காரர் பகுதி. கடற்காற்றும் ஆற்றுக்காட்சியும் உள்ள மேட்டில் ஆங்கில அதிகாரிகளின் மாளிகைகள் இருந்தன. 1851இல் ஆங்கிலிக்க ஆயர் ஜேம்ஸ் சப்மன் இங்கே புனித தோமையார் கல்லூரியைத் தொடங்கினார். பக்கத்திலேயே பேராலயம் 1854இல் அபிடேகமானது. பிறகு துறைமுகம் வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் தென்மேற்கு அலைதடுப்பின் அடிக்கல்லை நட்டார். சேர் ஜோன் கூட் திட்டமிட்ட அந்தத் தடுப்பு, 4,212 அடி நீளத்தில், 1885இல் முடிந்தது. அதுவரை காலியில் நின்ற நீராவிக் கப்பல்கள் கொழும்புக்கு மாறின. கப்பலுக்கு நிலக்கரி வேண்டும். கரி மலைபோல் குவிந்தது. தூள் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் எங்கும் படிந்தது. பணமுள்ளவர்கள் கறுவாத்தோட்டத்துக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் போனார்கள். கரித்தூள் தாங்காமல் கல்லூரியும் 1918இல் கல்கிசைக்குப் பெயர்ந்தது.

அவர்கள் விட்டுப்போன இடத்தில் கரி சுமந்தவர்கள் குடியேறினார்கள். பெரும்பாலோர் தென்னிந்தியத் தமிழரும் மலையாளிகளும். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் தோணியும் கப்பலும் ஓயாமல் ஓடின. வ.உ.சிதம்பரம்பிள்ளை 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பற் கம்பெனி எதிர்த்து நின்றதும் இந்த ஓட்டத்தின் ஏகபோகத்தைத்தான். தூத்துக்குடிப் பரதர் கொட்டாஞ்சேனையில் குடும்பமும் கடையும் வைத்தார்கள். 1927இல் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் துறைமுகத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றின் பெரிய நிகழ்வுகளில் ஒன்று. புறக்கோட்டையில் மூட்டை சுமப்பவரும் கைவண்டி இழுப்பவரும் இன்றும் நாட்டாமை. தமிழ்நாட்டில் ஊர்த்தலைவருக்குரிய பட்டம் கடல் தாண்டியதும் தோளில் மூட்டையோடு நிற்கிறது.

அரபு உலகம் இந்த நகருக்கு மறுபடி வந்தது ஒரு கைதியின் உருவில். எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற அஹ்மத் ஒறாபி பாஷா 1883 ஜனவரியில் தோழர்களோடு கொழும்பில் இறங்கினார். கொழும்பிலும் கண்டியிலும் வாழ்ந்து 1901இல் தாயகம் திரும்பினார். அவரது தொடர்பு இங்குள்ள முஸ்லிம் மறுமலர்ச்சிக்கு ஊக்கமளித்தது. 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கியவரும், 1885இல் அசன்பே சரித்திரம் என்ற நாவலை எழுதியவருமான சித்தி லெப்பை, அவரோடும் வாப்பிச்சி மரைக்காரோடும் சேர்ந்து 1892இல் மருதானையில் சாஹிராக் கல்லூரிக்கு அடித்தளமிட்டார்.

இங்கிருந்து ஹஜ்ஜுக்குப் போனவர்கள் இறங்கிய ஜித்தாவின் பழைய நகரான பலத், கொழும்பின் இந்தப் பழைய நகருக்கு நல்ல ஒப்பு. கலீபா உஸ்மான் 647இல் மக்காவின் துறைமுகமாக்கிய ஊர் அது. செங்கடலின் பவளக்கல்லால் கட்டிய உயர்ந்த வீடுகள். தெருவைப் பார்த்து நிற்கும் ரோஷான் என்ற மரச்சாளரங்கள். அதன் மதிலும் போயிற்று, 1947இல். எண்ணெய்ப் பணம் வந்ததும் வணிகக் குடும்பங்கள் வீடுகளைப் பூட்டிப் புதிய நகருக்குப் போய்விட்டன. வீடு நின்றது, ஆள் போனார். 2014இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபின் அரசு புதுப்பிக்கிறது. கொழும்பில் நடந்தது தலைகீழ். வியாபாரிகள் போகவில்லை, கடைக்கு இடம் போதாமல் வீட்டை இடித்துக் கட்டினார்கள். ஒல்லாந்தரின் தூண் வைத்த முகப்புகள் புறக்கோட்டையில் விரல்விட்டு எண்ணும் அளவே. பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்த ஆளுநர் தோமஸ் வன் றேயின் இல்லம் நூதனசாலையாக எஞ்சியிருப்பது விதிவிலக்கு.

இந்த நெருக்கத்துக்கு வேறு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 1883 உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டது. 1915இல் முஸ்லிம் கடைகளும், 1983 ஜூலையில் புறக்கோட்டை, செட்டியார் தெருத் தமிழ்க் கடைகளும் எரிந்தன. 2019 ஏப்ரல் 21, மறுபடி ஓர் உயிர்த்த ஞாயிறில், அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. ஆலயம் சில வாரங்களில் திருத்தப்பட்டுத் திறந்தது.

பார்க்க வருபவர் காய்மன் வாசலில் தொடங்குவது நல்லது. நாலாம் குறுக்குத்தெருவின் வெங்காய, கிழங்கு, மிளகாய் மொத்தக் கடைகளைக் கடந்து, கபோஸ் ஒழுங்கையின் மருந்துச் சரக்கு வாடையோடு சிறிது நின்று, செட்டியார் தெரு வழியாகக் கொச்சிக்கடைக்கு ஏறலாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் சிவப்புப் பள்ளியைச் சுற்றித் தெருவே தொழுகை இடமாகும். முகத்துவாரத்தில் மீன்பிடித் துறைமுகமும், சிங்களவரும் திரண்டு வரும் காளி கோயிலும் உண்டு. அங்கிருந்து தெற்கே பார்த்தால் துறைமுகப் பாரந்தூக்கிகளுக்கு அப்பால், 2014 முதல் கடலை நிரப்பி உருவாக்கிய 269 ஹெக்டேயர் துறைமுக நகரம் தெரியும். காலிக் கோட்டை 1988 முதல் உலக மரபுரிமைத் தலம். கொழும்பின் எந்தப் பகுதிக்கும் அந்தத் தகுதி கிடைக்கவில்லை.

காலித் இப்னு அபூ பக்காயாவின் கல் சோனகத் தெருப் பக்கம் இல்லை. கறுவாத்தோட்டத்தின் கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. 1877இல் திறந்த அந்தக் கட்டடத்தை எழுப்பிய ஒப்பந்தக்காரர், சோனகரான வாப்பிச்சி மரைக்கார்.